விழுந்த பல்லும் ஆசிரியரின் முதலுதவியும்: சிங்கப்பூரிலிருந்து ஒரு பாடம்

'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. முதுமையில் பல் உதிர்வதை எண்ணியே அவர்கள் அவ்வாறு கூறினர். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று பள்ளித் திடலில் ஓடி விழுந்து, அதன் முன்பல் வேரோடு கழன்று மண்ணில் கிடக்குமானால், அவ்விழப்பு அப்பிள்ளையின் வாழ்நாள் முழுவதையும் தொடரக்கூடியது. பாற்பல் விழுந்தால் நிலைப்பல் முளைக்கும். நிலைப்பல் விழுந்தால் அதன்பின் முளைப்பதற்கு வேறு பல் இல்லை.

இத்தகைய பல்லைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியும் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அதனினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அப்பல் பிழைக்குமா பிழைக்காதா என்பது மருத்துவரின் நாற்காலியில் பிள்ளை அமர்வதற்கு முன்பே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. விபத்து நடந்த இடத்தில், முதல் 15 நிமிடங்களில், பிள்ளையின் அருகில் நிற்பவர் செய்யும் செயலே அதனை முடிவு செய்கிறது. பள்ளி நேரத்தில் அவ்வாறு நிற்பவர் ஆசிரியர். ஆகவே ஆசிரியர்களுக்கு இத்துறையில் பயிற்சி அளிப்பது உலகின் பல நாடுகளில் ஆராயப்பட்டு வருகிறது. நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரிலும் இவ்வாராய்ச்சி நடைபெற்றுள்ளது. அதனின்று தோட்டப்புறத்தில் வாழும் நாம் கற்றுக்கொள்ளக்கூடியவற்றை இம்மாதப் பாடத்தில் காண்போம்.

பல் நலத்தில் சிங்கப்பூர் கண்ட முன்னேற்றம்

பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பள்ளியிலேயே பேணும் முறை நம் வட்டாரத்திற்குப் புதியதன்று. நியூசிலாந்து நாட்டில் 1921-ஆம் ஆண்டில் பள்ளிப் பல் தாதியர் பயிற்சி தொடங்கப்பட்டது. அதே முறையைப் பின்பற்றிப் பினாங்கில் 1949-ஆம் ஆண்டில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. சிங்கப்பூரில் பல் மருத்துவர்களை உருவாக்கும் கல்வி அதற்கும் முன்னரே, 1929-ஆம் ஆண்டில், ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் தொடங்கியிருந்தது.

பின்னர் 1950-களின் பிற்பகுதியில் சிங்கப்பூரின் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கப்பட்டது. நாடு முழுவதற்கும் இவ்வாறு குடிநீர் வழங்கியதில் ஆசியாவில் அந்நாடே முதலாவதாகும். இன்று அங்குப் பல தொடக்கப் பள்ளிகளின் வளாகத்திலேயே பல் மருத்துவ அறை உள்ளது. பிற பள்ளிகளை நாடி நடமாடும் பல் மருத்துவக் குழு செல்கிறது. பயிற்சி பெற்ற பல் சிகிச்சையாளர்கள் பிள்ளைகளின் பற்களைச் சோதித்துச் சொத்தையை அடைக்கின்றனர்.

இம்முயற்சிகள் யாவும் சொத்தைப் பல்லை எதிர்த்து நடந்தவை என்பதை நாம் கவனிக்க வேண்டும். சொத்தை மெல்ல வருவது. அதனைத் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் காலம் இருக்கிறது. விபத்தோ ஒரு நொடியில் நிகழ்வது. குடிநீரில் சேர்த்த மருந்து, படிக்கட்டில் தடுக்கி விழும் பிள்ளையைத் தாங்கிப் பிடிக்காது. பள்ளியிலேயே பல் மருத்துவ அறை இருப்பினும், மாலைநேர விளையாட்டின்போது அது மூடியிருக்கக்கூடும். எவ்வளவு வசதி மிக்க நகரமாயினும், முதல் 15 நிமிடங்களில் பிள்ளையின் பக்கத்தில் இருப்பவர் ஆசிரியர் ஒருவரே.

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா வட்டாரத்தை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். தேக்காச் சந்தைக்கும் சிராங்கூன் சாலைக்கும் உறவினரைக் காணவும் பொருள் வாங்கவும் செல்கிறோம். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், புக்கிட் தீமா சாலையில், கே.கே. மகளிர், சிறுவர் மருத்துவமனை அமைந்துள்ளது. கண்டாங் கெர்பாவ் என்ற பெயரில் 1924-ஆம் ஆண்டு முதல் மகப்பேற்று மருத்துவமனையாக விளங்கி, 1997-ஆம் ஆண்டில் இப்போதுள்ள கட்டடத்திற்கு அது இடம் மாறியது. சிறுவருக்கான அவசரச் சிகிச்சைப் பிரிவு அங்கு இரவும் பகலும் இயங்குகிறது. அதே ஆண்டில்தான் தேசியப் பல் மருத்துவ நிலையமும் ஊட்ரம் வட்டாரத்தில் திறக்கப்பட்டது. இத்தகைய நிலையங்கள் அருகில் இருக்கும் நகரத்திலேயே ஆசிரியரின் முதலுதவி பெரிதாகக் கருதப்படுமானால், பட்டணத்திற்குச் செல்லவே அரைமணி நேரமும் அதற்கு மேலும் ஆகும் தோட்டத்தில் அதன் தேவையைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆசிரியர்களை நோக்கி எழுப்பப்பட்ட வினா

சிங்கப்பூரின் பாலர் பள்ளி ஆசிரியர்கள் பல் காயத்திற்கு உரிய முதலுதவியை எவ்வளவு அறிந்திருக்கின்றனர் என்பதை அங்குள்ள பல் மருத்துவ ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2001-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். பல் காயம் பற்றிய அனைத்துலக ஆய்விதழ் ஒன்றில் அது வெளிவந்தது. பள்ளிகளில் பணிபுரியும் பல் சிகிச்சையாளர்கள் இத்தகைய காயங்களைக் கையாண்ட அனுபவம் பற்றிய ஆய்வு 2006-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இந்தியா உட்பட மற்றும் பல நாடுகளிலும் ஆசிரியர்களிடம் இதே போன்ற வினாக்கள் கேட்கப்பட்டுள்ளன.

இவ்வாய்வுகள் மீண்டும் மீண்டும் சுட்டுவது ஒன்றே. ஆசிரியர்களுக்குப் பிள்ளைகள்பால் அன்பு குறைவில்லை. அவர்களுள் பலர் முதலுதவிச் சான்றிதழும் பெற்றவர்கள். ஆயினும் அவர்கள் கற்ற முதலுதவிப் பாடத்தில் எலும்பு முறிவு, தீக்காயம், மயக்கம் ஆகியவை இருந்தன, பல் இல்லை. ஆகவே கழன்ற பல்லைக் கண்டால் சிலர் அதனைக் கைக்குட்டையில் சுற்றி வைக்கின்றனர். சிலர் கிருமிநாசினி ஊற்றித் தேய்த்துக் கழுவுகின்றனர். சிலர் தண்ணீரில் போடுகின்றனர். நல்லெண்ணத்துடன் செய்யப்படும் இச்செயல்கள் பல்லைக் கொன்றுவிடுகின்றன. ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் சரியான முறை தானாகவே மனத்தில் பதியும்.

மரத்தின் பட்டையும் பல்லின் வேரும்

இதனை விளங்கிக்கொள்ள, பால்மரம் வெட்டும் நமக்குப் பிறர் யாரினும் எளிது. சிங்கப்பூரில் தமிழர் பூமலை என வழங்கும் தாவரவியல் பூங்காவில்தான், 1890-களில் அதன் தலைவராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து வகுத்தார். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும்; உளி ஆழமாகப் பாய்ந்து மரத்தைத் தொட்டுவிடக்கூடாது என்பதே அம்முறையின் அடிப்படை. பட்டைக்கும் மரத்திற்கும் இடையே கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லிய உயிரடுக்கு ஒன்று உண்டு. அது காயப்பட்டால் அவ்விடத்தில் பட்டை ஒழுங்காக வளர்வதில்லை, முண்டும் முடிச்சுமாகிவிடும். வெட்டுக்கு உதவாத மரத்தைப் பார்த்து வருந்தாத தொழிலாளி நம்மில் இல்லை.

பல்லின் வேரிலும் அத்தகைய உயிரடுக்கு ஒன்று இருக்கிறது. வேரையும் தாடை எலும்பையும் பிணைக்கும் மெல்லிய சவ்வு அது. பல் கழன்று விழும்போது அச்சவ்வு கிழிந்து, ஒரு பகுதி வேரின்மேல் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதிலுள்ள உயிரணுக்கள் உயிரோடு இருக்கும்போதே பல்லை அதன் குழியில் வைத்துவிட்டால், சவ்வு மீண்டும் கூடிப் பல் பிடித்துக்கொள்ளும்.

அவ்வுயிரணுக்கள் காற்றுப்பட்டு உலர்ந்தால் இறக்கின்றன. ஏறக்குறைய 15 நிமிடங்களுக்குள் பல்லைக் குழியில் வைத்துவிட்டால் அவை பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. உலர்ந்த நிலையில் 30 நிமிடங்கள் கிடந்தால் அவற்றில் பெரும்பகுதி இறந்துவிடும். 60 நிமிடங்களைக் கடந்தால் நம்பிக்கையில்லை. அதன்பின் பல்லைப் பொருத்தினாலும், எலும்பு வேரோடு நேராக ஒட்டிக்கொண்டு, ஆண்டுகள் செல்லச் செல்ல வேரைச் சிறிது சிறிதாக அரித்துவிடும். வளரும் பிள்ளையாயின் மற்றப் பற்கள் கீழிறங்க, அந்தப் பல் மட்டும் உள்வாங்கியது போல் நின்றுவிடும். எனினும் நேரம் கடந்த பல்லையும் எறிந்துவிடலாகாது. தாடை எலும்பைச் சில காலம் காப்பதற்கேனும் மருத்துவர் அதனைப் பயன்படுத்தக்கூடும்.

ஆசிரியர் செய்ய வேண்டியவை

பல் காயம் பற்றிய அனைத்துலகச் சங்கம் தன் வழிகாட்டி நெறிகளை 2020-ஆம் ஆண்டில் புதுப்பித்து வெளியிட்டது. அவற்றின் சாரத்தை ஆசிரியர்க்கு உரிய வரிசையில் கீழே தருகிறோம்.

1. முதலில் பிள்ளையைப் பாருங்கள். பல்லைப் பிறகு தேடலாம். பிள்ளை நினைவிழந்ததா, வாந்தி எடுக்கிறதா, தலையில் அடிபட்டதா என்று கவனியுங்கள். இவற்றுள் ஏதேனும் இருப்பின் உடனே மருத்துவ வண்டியை அழைக்க வேண்டும். சிங்கப்பூரில் அதற்குரிய எண் 995, மலேசியாவில் 999.

2. பிள்ளையை உட்கார வைத்து அமைதிப்படுத்துங்கள். சுத்தமான துணியை மடித்துக் கடிக்கக் கொடுத்தால் இரத்தம் அடங்கும். கையுறை இருப்பின் அணிந்துகொள்ளுங்கள்.

3. மற்றப் பிள்ளைகளைக்கொண்டு பல்லைத் தேடுங்கள். பல் கிடைக்கவில்லையெனில் அதனை மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும். பிள்ளை அதனை விழுங்கியிருக்கலாம். அன்றி அது மூச்சுக்குழாயில் சென்றிருக்கலாம்.

4. பல்லை அதன் தலைப்பகுதியில், அதாவது வாயில் வெண்மையாகத் தெரியும் பகுதியில் பிடித்து எடுங்கள். வேரைத் தொடாதீர்கள், சுரண்டாதீர்கள், துடைக்காதீர்கள்.

5. மண் ஒட்டியிருப்பின் பாலிலோ, மருத்துவ உப்புநீரிலோ, பிள்ளையின் எச்சிலிலோ மெதுவாக அலசுங்கள். இவை கைவசம் இல்லாவிடில் குளிர்ந்த குழாய்நீரில் 10 விநாடிக்கு மேற்படாமல் காட்டி எடுக்கலாம். சோப்பும் கிருமிநாசினியும் கூடவே கூடாது.

6. அது நிலைப்பல் என்பது உறுதியானால், பக்கத்துப் பல்லைப் பார்த்து அதே முகமாகத் திருப்பி, குழியில் மெதுவாக அழுத்தி வையுங்கள். பிறகு துணியைக் கடித்தவாறு பிள்ளை அதனை நிலைநிறுத்திக்கொள்ளட்டும்.

7. வைக்க இயலாவிட்டால், சிறு பாத்திரத்தில் பால் ஊற்றிப் பல்லை அதில் மூழ்க வையுங்கள். பால் கிடைக்காவிடில் பிள்ளையைக் கிண்ணத்தில் உமிழச் செய்து அந்த எச்சிலில் வைக்கலாம். சிறு பிள்ளையின் வாயில் பல்லை அடக்கி வைக்கச் சொல்வது ஆபத்து, அது விழுங்கிவிடும்.

8. பெற்றோருக்குத் தெரிவித்து, தாமதமின்றிப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். விபத்து நிகழ்ந்த நேரத்தையும், பல் எவ்வளவு நேரம் வெளியில் கிடந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். மருத்துவரின் முதல் வினா அதுவாகவே இருக்கும்.

பல்லைத் தம் கையால் குழியில் வைக்க அஞ்சும் ஆசிரியர்கள் உண்டு. இரத்தம் கண்டு கலங்குவதும், பிழை நேர்ந்தால் பழி வருமோ என்று தயங்குவதும் இயல்பே. அத்தகையோர் ஆறாவது படியை விட்டு, உடனே ஏழாவது படிக்குச் செல்லலாம். பிள்ளை ஒத்துழையாவிடினும், அதற்குக் கடுமையான இருதய நோய் போன்றவை இருப்பினும் அவ்வாறே செய்தல் வேண்டும். எதனையும் செய்யாமல் நின்று நேரத்தைக் கழிப்பதே தவிர்க்க வேண்டியது.

பாற்பல்லா, நிலைப்பல்லா?

விழுந்தது பாற்பல்லாயின் அதனைத் திரும்ப வைக்கலாகாது. வைத்தால் அதன் மேலே ஈறுக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல் கெடக்கூடும். பாலர் பள்ளி ஆசிரியருக்கு இந்த ஒரு விதி தெரிந்திருப்பது மிகவும் இன்றியமையாதது.

மேல் முன்பற்கள் பெரும்பாலும் ஏழு, எட்டு வயதில் நிலைப்பற்களாக முளைக்கின்றன. விபத்தில் மிகுதியாக அடிபடுபவையும் இவையே. ஆகவே தொடக்கப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளில் ஐயம் எழுவது இயற்கை. பாற்பல் சிறியது, வெண்மை மிக்கது. நிலைப்பல் அகலமானது, சற்று மஞ்சள் சாயல் கொண்டது, புதிதாக முளைத்ததாயின் அதன் ஓரம் வாள்பல் போல் சிறு மேடுபள்ளங்களுடன் இருக்கும். ஐயம் தீராவிட்டால் பல்லை வாயில் வைக்காமல் பாலிலிட்டு மருத்துவரிடம் கொண்டுசெல்வதே முறை.

பால் எதற்காக?

தண்ணீர் சுத்தமானது, பால் கெட்டுப்போவது, அவ்வாறிருக்கப் பால் எவ்வாறு சிறந்ததாகும் என்று நாம் கேட்கலாம். உயிரணுவின் உள்ளே குறிப்பிட்ட அளவு உப்புச் சத்துகள் கரைந்துள்ளன. வெறும் தண்ணீரில் இட்டால், தண்ணீர் அணுவுக்குள் புகுந்து அதனை ஊதி வெடிக்கச் செய்கிறது. பாலிலோ கரைந்துள்ள சத்துகளின் அளவு ஏறக்குறைய உயிரணுவில் உள்ளதற்கு ஒத்திருக்கிறது. அதனால் அணுக்கள் சில மணி நேரம் உயிரோடு இருக்கின்றன. பாலும் எச்சிலும் எட்டாத இடத்தில், பல்லை உலர விடுவதைவிடத் தண்ணீரில் வைப்பது மேல் என்பதையும் நினைவிற்கொள்க.

பால் என்று இங்குக் குறிப்பது சர்க்கரை கலவாத, குளிர்ந்த சாதாரணப் பசும்பால். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் பெட்டியிலும் புட்டியிலும் கிடைப்பது அதுவே. தேநீர்க் கடைகளிலும் நம் வீடுகளிலும் மிகுதியாக இருக்கும் இனிப்புப் பால்டின் இதற்கு உதவாது. அதிலுள்ள மிகுதியான சர்க்கரை அணுக்களிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். தேநீர், காப்பி கலந்த பாலும் ஆகாது.

இளநீர் பற்றியும் பலர் கேட்பதுண்டு. சென்னையில் பல் மருத்துவ ஆய்வாளர்கள் இளநீரைப் பாலுடன் ஒப்பிட்டு ஆராய்ந்து, அது உயிரணுக்களை நன்கு காத்ததாக 2008-ஆம் ஆண்டில் அறிவித்தனர். அதன்பின் வேறிடங்களில் நடந்த ஆய்வுகள் யாவும் அம்முடிவை உறுதி செய்யவில்லை. இளநீர் புளிப்புத்தன்மை உடையது என்பது அதன் குறை. ஆகவே அனைத்துலக நெறிகள் பாலையே முதலிடத்தில் வைக்கின்றன. நாமும் அவ்வாறே கொள்வோம்.

பல் உடைந்தால், ஆடினால், உள்ளே சென்றால்

எல்லாப் பல் காயமும் பல் கழன்று விழுவதன்று. பல்லின் ஓரம் உடைவதே மிகுதியாக நிகழ்வது. உடைந்த துண்டைத் தேடி எடுத்துத் தண்ணீரிலோ பாலிலோ போட்டு மருத்துவரிடம் கொடுத்தால், பல நேரங்களில் அதனையே திரும்ப ஒட்டிவிட முடியும். பல் ஆடினால் அதனைப் பிடித்து அசைத்துப் பார்த்தல் கூடாது. பல் ஈறுக்குள் புதைந்திருப்பின் அதனை இழுக்கவும் கூடாது. வலியில்லை என்று பிள்ளை கூறினும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உள்ளே நரம்பு இறந்து, பல நாள் கழித்துப் பல் கறுத்துச் சீழ் வைப்பதுண்டு.

கழன்ற பல்லை மருத்துவர் குழியில் நிறுத்தி, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் ஏறக்குறைய இரண்டு வாரம் பிணைத்து வைப்பார். அக்காலத்தில் பிள்ளை மென்மையான உணவையே உண்ண வேண்டும். மென்மையான தூரிகையால் பல் துலக்க வேண்டும். முரட்டு விளையாட்டைத் தவிர்க்க வேண்டும். வேர் முழுதும் வளர்ந்த பல்லாயின், இரண்டு வாரத்திற்குள் வேர்ச் சிகிச்சை தொடங்கப்படும். பல் மண்ணில் விழுந்திருந்தால் இசிவு நோய்த் தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என்றும் மருத்துவர் பார்ப்பார். அதன்பின் குறிப்பிட்ட தவணைகளில் பல ஆண்டுகள் சோதனைக்குச் செல்ல வேண்டும். பல் உறுதியாக நிற்கிறது என்றெண்ணி இச்சோதனைகளை விட்டுவிடும் பெற்றோர், முன்பு செய்த முயற்சியனைத்தையும் இழக்க நேரும்.

ஆசிரியர் பயிற்சி எவ்வாறு அமையலாம்?

சிங்கப்பூரில் அரசாங்கப் பள்ளி ஆசிரியர்கள் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெறுகின்றனர். 1991-ஆம் ஆண்டில் அமைந்த அக்கழகம், 1950-ஆம் ஆண்டில் தோன்றிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் வழிவந்தது. பாலர் நிலையங்களில் முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஊழியர் இருக்க வேண்டும் என்பது அங்கு விதியாகும். ஆகவே பல் முதலுதவிக்கெனத் தனிப் படிப்பு வேண்டுவதில்லை. இருக்கின்ற முதலுதவிப் பாடத்தில் ஒரு மணி நேரத்தைப் பல்லுக்கு ஒதுக்கினாலே, அது ஏராளமான வகுப்பறைகளைச் சென்றடையும்.

அந்த ஒரு மணி நேரத்தில் பேச்சு குறைவாகவும் செய்முறை மிகுதியாகவும் இருத்தல் நலம். மாதிரித் தாடையும் மாதிரிப் பல்லும் கொண்டு, தலைப்பகுதியைப் பிடித்து எடுத்தல், அலசுதல், திசை பார்த்துப் பொருத்துதல், பாலில் இடுதல் ஆகியவற்றை ஒவ்வோர் ஆசிரியரும் தம் கையாலேயே செய்து பார்க்க வேண்டும். கையால் செய்தது பதற்றத்திலும் மறப்பதில்லை என்பதை ஆசிரியப் பணியறிந்த நாம் அனைவரும் அறிவோம்.

பயிற்சிக்குச் செல்ல இயலாதோருக்குச் சுவரொட்டியும் பயன் தருகிறது. ஹாங்காங்கில் பள்ளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் மட்டும் பல் முதலுதவிச் சுவரொட்டியை மாட்டி வைத்துச் சோதித்தனர். சுவரொட்டி இருந்த பள்ளிகளின் ஆசிரியர்கள் அதன்பின் கூடுதலான வினாக்களுக்குச் சரியாக விடையளித்தனர் என்று 2013-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வு காட்டிற்று. செலவு ஒரு தாளும் நான்கு ஆணிகளுமே. ஆயினும் ஆசிரியர்கள் பள்ளி மாறுவதாலும், கற்றது மங்குவதாலும், ஆண்டுதோறும் ஒருமுறை பாடத்தை நினைவூட்டுதல் வேண்டும்.

தோட்டப்புறத்தில் நாம் செய்யக்கூடியவை

இனி நம் நிலைக்கு வருவோம். விடியுமுன் பெற்றோர் இருவரும் வெட்டுக்குச் சென்றுவிடும் குடும்பங்கள் பல. பிள்ளை விழும் நேரத்தில் அருகிலிருப்பவர் தோட்டப் பள்ளி ஆசிரியராகவோ, ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்ப்பவராகவோ, வீட்டிலுள்ள பாட்டியாகவோ இருப்பார். எனவே இப்பாடம் இவர்கள் அனைவருக்கும் உரியது.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துப் பேசலாம். பள்ளிகளைச் சோதிக்க வரும் அரசாங்கப் பல் மருத்துவக் குழுவினரிடம், பிள்ளைகளைப் பார்த்து முடித்தபின் ஆசிரியர்களுக்கும் ஆயாக்களுக்கும் அரைமணி நேரம் விளக்கம் தருமாறு தலைமையாசிரியர் வாயிலாகக் கேட்டுக்கொள்ளலாம். தமிழில் ஒரு சுவரொட்டி எழுதிப் பள்ளியிலும் ஆயாக் கொட்டகையிலும் கோயில் மண்டபத்திலும் மாட்டலாம். மாணவர்களில் நன்கு எழுதுவோரிடமே அப்பணியை ஒப்படைக்கலாம்.

பள்ளியின் முதலுதவிப் பெட்டியில் மூடியுள்ள சிறு பாத்திரம், சுத்தமான துணி, கையுறை, அருகிலுள்ள அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்தின் தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். பள்ளியிலோ பக்கத்துக் கடையிலோ ஒரு பெட்டிப் பால் எப்போதும் இருக்குமாறு ஏற்பாடு செய்ய வேண்டும். அவசரத்தில் யாருடைய வாகனம் உதவும் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். பட்டணம் தொலைவில் உள்ளது என்பதை நம்மால் மாற்ற இயலாது. பாலில் வைத்த பல் அத்தொலைவைக் கடக்கும். துணியில் சுற்றிய பல் கடக்காது.

விபத்தைக் குறைக்கவும் வழியுண்டு. திடலில் கிடக்கும் கல்லையும் கண்ணாடித் துண்டையும் அகற்றுதல், வழுக்கும் படிகளைச் சீர்செய்தல், மோட்டார் சைக்கிளில் செல்லும் பிள்ளைக்குத் தலைக்கவசம் அணிவித்தல், வளைகோற்பந்து போன்ற விளையாட்டுகளில் பற்கவசம் அணியச் செய்தல் ஆகியவை நம் கையில் உள்ளவை. மேல் முன்பல் மிகவும் துருத்தி நிற்கும் பிள்ளைகளுக்கு அடிபடும் வாய்ப்பு கூடுதல் என்பதால் அவர்களைப் பல் மருத்துவரிடம் முன்னரே காட்டுதல் நன்று.

முன்பல் இழந்த பிள்ளை வகுப்பில் எழுந்து நின்று படிக்கக் கூசுகிறது. சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கிறது. செயற்கைப் பல்லுக்குப் பின்னர் ஆகும் செலவோ தொழிலாளர் குடும்பத்திற்குப் பெருஞ்சுமை. ஒரு குவளைப் பாலும் பதற்றமில்லாத கையும் இத்துன்பத்தைத் தடுக்கக்கூடும். ஆகவே இப்பாடத்தைப் படித்தவர்கள் படியாதவர்களுக்கும் எடுத்துரைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

முதலில் பிள்ளை, பிறகு பல். தலைப்பகுதியைப் பிடி, வேரைத் தொடாதே. நிலைப்பல்லாயின் உடனே குழியில் வை. பாற்பல்லை வைக்காதே. வைக்க இயலாவிடில் பாலில் இடு. நேரத்தைக் குறித்துக்கொண்டு பல் மருத்துவரிடம் விரைந்து செல்.

கலந்துரையாடலுக்கு உரிய வினாக்கள்

1. கழன்ற பல்லைத் துணியில் சுற்றி வைப்பதால் விளையும் தீங்கு யாது?

2. தண்ணீரைவிடப் பால் சிறந்தது என்பதற்குக் காரணம் என்ன? இனிப்புப் பால்டின் ஏன் உதவாது?

3. பாலர் வகுப்புப் பிள்ளையின் பல் விழுந்தால் ஆசிரியர் செய்ய வேண்டியது என்ன? செய்யக்கூடாதது என்ன?

4. நம் தோட்டத்திலிருந்து மிக அருகிலுள்ள அரசாங்கப் பல் மருத்துவ நிலையம் எது? அங்குச் சென்றடைய எவ்வளவு நேரமாகும்? அவசரத்தில் உதவக்கூடிய வாகனம் யாருடையது?